மேளம் அழைத்ததும் திரும்பி வாருங்கள்

கேள்வி: எனக்கு 34 வயது. கோவையில் தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். அப்பா இறந்து ஐந்து மாதம் ஆகிறது. கடைசி நேரத்தில் அம்மா மட்டும்தான் பக்கத்தில் இருந்தார். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தோழி சொல்லி, ‘ஷாமனிக் ஜர்னி’ என்ற ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தேன். ஹெட்போனில் மேளச் சத்தம் கேட்டபடி கண்ணை மூடிப் படுத்து, பூமிக்குள் இறங்கிப் போக வேண்டும் என்றார்கள். இரண்டு முறை ஒன்றுமே தெரியவில்லை. மூன்றாவது முறை, இரவு பதினொரு மணிக்குத் தனியாகச் செய்தபோது அப்பா முதுகைக் காட்டி நிற்பது போல் தெரிந்தது. கூப்பிட்டேன், திரும்பவே இல்லை. பயந்துபோய் ஹெட்போனைப் பிடுங்கிப் போட்டுவிட்டு எழுந்துவிட்டேன். மூன்று நாள் அழுதேன். வகுப்பு எடுப்பவரிடம் சொன்னால், ‘உங்கள் ஆன்மாவில் ஒரு பகுதி பிரிந்து போயிருக்கிறது, மீட்டுத்தர 25,000 ரூபாய் ஆகும்’ என்கிறார். நான் பார்த்தது உண்மையா, கற்பனையா? இதுவும் சாமியாடுவது மாதிரிதானா? தொடர்ந்து செய்யலாமா? தூக்கத்துக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரை சாப்பிடுகிறேன்.

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

முதலில், அந்த 25,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். பெரிய பயமோ நோயோ வந்தால் உயிரின் ஒரு பங்கு வழிதவறிப் போய்விடும், ஷாமன் (ஆவி உலகத்துக்குப் போய் வருபவர் என்று ஊர் நம்பும் பூசாரி) தேடிப் போய் அதை அழைத்து வருவார் என்ற நம்பிக்கை சைபீரிய மக்கள் பலரிடமும் உண்டு. அதை நான் மதிக்கிறேன். ஆனால் இதை ஒழுங்காகக் கற்றவர்கள் முதலில் பழகும் கட்டுப்பாடே, ஒருவர் கேட்காமல் அவருக்காகப் பயணம் போகக் கூடாது, அவரிடம் என்ன குறை என்று சொல்லவும் கூடாது என்பதுதான். அழுதுகொண்டிருக்கும் பெண்ணிடம் குறையையும் சொல்லி விலையையும் சொல்வது எந்த ஊர் வழக்கமும் இல்லை. அப்பா போய் ஐந்து மாதம்தான் ஆகிறது. மகள் அழுவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

நான் இருபது வருடமாக மனநல ஆலோசகராக இருக்கிறேன். இந்தப் பயணப் பயிற்சியை 2011-ல் ஓர் ஆசிரியரிடம் கற்றுக்கொண்டேன், இன்றும் மாதம் இரண்டு முறையாவது செய்கிறேன். உங்கள் கடிதத்தைப் படித்தபோது, அப்பா முதுகைக் காட்டி நின்ற இடத்தைவிட, ஹெட்போனைப் பிடுங்கிப் போட்டுவிட்டு எழுந்துவிட்டேன் என்ற இடத்தில்தான் எனக்குப் பதறியது. போன வழியே நீங்கள் திரும்பி வரவில்லை. திரும்பி வர வேண்டும் என்று யாரும் உங்களுக்குச் சொல்லித்தந்ததாகவும் தெரியவில்லை. கிணற்றில் இறங்கக் கற்றுக்கொடுத்துவிட்டு ஏறக் கற்றுக்கொடுக்காமல் விட்ட கதை இது. அந்த மூன்று நாள் அழுகையில் பாதி இதனால் வந்தது என்றுதான் நினைக்கிறேன்.

நீங்கள் செய்து பார்த்த பயிற்சி எங்கிருந்து வந்தது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘ஷாமன்’ என்பது கிழக்கு சைபீரியாவில் கலைமான் மேய்த்து வாழும் எவெங்கி மக்களின் ‘சமான்’ என்ற சொல். நம் காதுக்கு உடனே ‘சமணர்’ நினைவுக்கு வரும். இரண்டும் ‘ஸ்ரமண’ என்ற வடசொல்லிலிருந்து வந்தவை என்று சில அறிஞர்கள் வாதிட்டிருக்கிறார்கள், வேறு சிலர் மறுத்திருக்கிறார்கள். முடிந்த வழக்கு இல்லை அது. அங்கே ஆசைப்பட்டு ஷாமன் ஆவது அபூர்வம். பெரும்பாலும் இளம் வயதில் விளங்காத ஒரு நோய் வரும், மூத்த ஷாமன் அதைப் பார்த்துச் சொல்வார், அப்புறம் வருடக்கணக்கில் பழக வேண்டும், ஊர் ஏற்றுக்கொள்ள வேண்டும். 1930-களில் சோவியத் அரசு ஷாமன்களைச் சிறையில் தள்ளியது, மேளங்களைப் பிடுங்கியது, எரித்தது. தெற்கு சைபீரியாவின் துவா பகுதியில் 1990-களில்தான் அவர்கள் மறுபடி வெளிப்படையாக மேளம் அடிக்க முடிந்தது.

நீங்கள் சேர்ந்த வகுப்பு மாதிரியானவை அந்தச் சைபீரிய மரபிலிருந்து நேராக வந்தவை இல்லை. மைக்கேல் ஹார்னர் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1950-களில் ஈக்வடாரில் ஷுவார் மக்களிடமும், 1960-61-ல் பெரு நாட்டில் கோனிபோ மக்களிடமும் தங்கி ஆய்வு செய்தார். கோனிபோ மக்களிடம் அவர் அயவாஸ்கா என்ற மூலிகைக் கஷாயத்தைக் குடித்துத்தான் முதல் பயணம் போனார். பிறகு, மருந்தே இல்லாமல் மேளச் சத்தம் மட்டும் போதும் என்று முடிவுக்கு வந்து, பல மக்களிடம் பொதுவாகக் கண்டவற்றை மட்டும் எடுத்து ஒரு முறையாக்கி, 1980-ல் புத்தகமாக எழுதினார். மண்ணையும் மொழியையும் உரித்துவிட்டு வெறும் நுட்பத்தை மட்டும் எடுத்துக்கொண்டார் என்ற விமர்சனம் அவர்மேல் உண்டு. அதில் நியாயம் இருக்கிறது. ஒரு பயிற்சி என்ற அளவில் நாம் இதைக் கற்கலாம் என்றே நான் நம்புகிறேன். இரண்டு நாள் வகுப்பு முடிந்ததும் யாராவது தன்னை ஷாமன் என்று சொல்லிக்கொண்டால்தான் எனக்கு வலிக்கிறது. (அயவாஸ்கா பற்றி யாராவது உங்களிடம் பேச்செடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மனச்சோர்வு மாத்திரைகள் சிலவற்றோடு அது சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து.)

சாமியாடுவது போலவா என்று கேட்டிருக்கிறீர்கள். ‘சாமி வந்துவிட்டது’, ‘அருள் இறங்கிவிட்டது’ என்றுதான் நாம் சொல்கிறோம். சங்கப் பாடல்களில் வேலன் வெறியாடும்போதும் முருகன்தான் அவன்மேல் வருகிறான். இந்தப் பயணத்தில் யாரும் உங்கள்மேல் வருவதில்லை, நீங்கள்தான் போகிறீர்கள். சாமியாடி முடித்தவரிடம் என்ன நடந்தது என்று கேட்டால் பெரும்பாலும் நினைவில்லை என்பார். பயணம் போனவர் ஒவ்வொன்றையும் நினைவில் வைத்துத் திரும்பி வந்து சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் அது பயணமே இல்லை. உடம்பு பாயில் கிடப்பதும் உங்களுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். வாசலில் காலிங் பெல் அடித்தால் கேட்கும். வேண்டும்போது திரும்பி வந்து எழுந்துவிடலாம்.

சரி, செய்யும் முறைக்கு வருகிறேன்.

மேளத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பலரும் அதைப் பின்னணி இசையாக நினைத்துவிடுகிறார்கள். நம் பறை போலவே ஒரு வட்டச் சட்டத்தில் ஒரு பக்கம் மட்டும் தோல் கட்டியது அது. சைபீரியாவின் அல்தாய், புரியாத், யாக்கூத் மக்கள் மேளத்தைக் குதிரை என்றும், அடிக்கும் குச்சியைச் சாட்டை என்றும் சொல்வார்கள். அதில் ஏறித்தான் ஷாமன் போகிறார். நார்வேயில் ஆண்டர்ஸ் பௌல்சன் என்ற ‘சாமி’ (Sámi) என்ற வட ஐரோப்பியப் பழங்குடி இனத்து முதியவரை மேளம் வைத்திருந்ததற்காகவே 1692-ல் விசாரணைக்கு நிறுத்தினார்கள். தோலில் வரைந்திருந்த ஒவ்வொரு உருவத்துக்கும் அவர் நீதிமன்றத்தில் விளக்கம் சொன்னார். தீர்ப்பு வருவதற்குள் காவலில் இருந்தபோதே கொல்லப்பட்டார். டென்மார்க் அரசிடம் போன அந்த மேளம் 2022-ல்தான் முறைப்படி சாமி மக்களுக்குச் சொந்தமானது. ஹெட்போனில் அந்தச் சத்தத்தைக் கேட்கும்போது இதெல்லாம் எனக்கு நினைவுக்கு வரும். உங்களுக்கும் தெரிந்திருக்கட்டும்.

என்னிடம் ஆட்டுத்தோல் மேளம் ஒன்று இருக்கிறது. கார்த்திகை மழை நாளில் அதை எடுத்தால் தோல் தளர்ந்து ‘தொப்பு தொப்பு’ என்று ஈரத்துணியை அடித்தது போலச் சத்தம் வரும். கேஸ் அடுப்பைச் சிறியதாக வைத்து, ஒரு முழம் மேலே பிடித்து மெல்லச் சுற்றுவேன். இரண்டு மூன்று நிமிடத்தில் தோல் இறுகுவது விரலுக்குத் தெரியும். சுண்டினால் ‘டங்’ என்று நின்று ஒலிக்கும். பறை வாசிப்பவர்கள் வைக்கோலைக் கொளுத்திக் காய்ச்சுவதும் இதற்காகத்தான், சைபீரியாவில் ஷாமன்கள் நெருப்பில் காட்டுவதும் இதற்காகத்தான். நீங்கள் மேளம் வாங்க வேண்டியதில்லை, பதிவு செய்த ஒலியே போதும். ஆனால் சரியான பதிவாகத் தேர்ந்தெடுங்கள். புல்லாங்குழல், பறவைச் சத்தம், பாட்டு எதுவும் கலந்திருக்கக் கூடாது. ஒரே அடி, ஏற்ற இறக்கம் இல்லாமல், நிமிடத்துக்கு 205 முதல் 220 வரை இருக்க வேண்டும். ஆரம்பத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் தாண்ட வேண்டாம். முக்கியமாக, கடைசியில் திரும்ப அழைக்கும் அடி இருக்க வேண்டும். ஏழேழு அடியாக நான்கு முறை விட்டு விட்டு அடிப்பார்கள், பிறகு அரை நிமிடம் போல மிக வேகமாக அடிப்பார்கள், மறுபடி ஏழேழாக நான்கு முறை. அந்த வேகமான அரை நிமிடம்தான் நீங்கள் திரும்பி வரும் நேரம். இது இல்லாத பதிவு எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

இரவு பதினொரு மணி இதற்கு ஏற்ற நேரம் இல்லை, அதுவும் தூக்க மாத்திரை சாப்பிடும் ஆளுக்கு. காலையில் குளித்துவிட்டு, டிபனுக்கு முன்னால் செய்யுங்கள். அம்மாவோ தோழியோ பக்கத்து அறையில் இருக்கட்டும், ‘பதினைந்து நிமிடம் கழித்து வந்து கூப்பிடு’ என்று சொல்லி வையுங்கள். பாய் விரித்துப் படுத்து, மடித்த துண்டைக் கண்ணுக்கு மேல் போட்டுக்கொள்ளுங்கள். தூக்கம் வந்தால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து செய்யலாம், தவறில்லை.

பூமிக்குள் இறங்க ஒரு வாசல் வேண்டும். அது நீங்கள் கண்ணால் பார்த்த, காலால் நின்ற ஓர் இடமாக இருக்க வேண்டும். மரப்பொந்து, சுனை, குகை, படி வைத்த கிணறு, எதுவானாலும் சரி. இன்டர்நெட்டில் பார்த்த படம் வேண்டாம். யாராவது விழுந்து இறந்த கிணறும் வேண்டாம். எனக்கு என் பாட்டி ஊர்த் தோட்டத்துக் கிணறு. ஏழாவது படியில் ஒரு கல் பெயர்ந்திருக்கும், அங்கே நீரோட்டம் கசிந்து பாசி பிடித்திருக்கும். இத்தனை வருடம் கழித்தும் ஒவ்வொரு முறையும் அந்தப் படியில் கால் வைக்கும்போது வழுக்கிவிடுமோ என்று பாதம் தானாகக் குறுகுகிறது. அந்த இடத்தில்தான் பயணம் தொடங்கிவிட்டது என்று எனக்குத் தெரியும். உங்கள் வாசலிலும் இப்படி ஒரு பெயர்ந்த கல்லைத் தேடுங்கள், உடம்புக்கு ஞாபகம் இருக்கும் ஏதோ ஒன்றை.

மேளம் தொடங்கும் முன் எதற்காகப் போகிறீர்கள் என்பதை ஒரே வாக்கியமாக மனதுக்குள் மூன்று முறை சொல்லிக்கொள்ளுங்கள். ‘போகலாமா வேண்டாமா’, ‘எப்போது நடக்கும்’ மாதிரி கேள்விகள் இதற்குப் பொருந்தாது, குறி கேட்கும் இடமாக ஆகிவிடும். உங்களுக்கு முதல் இரண்டு மூன்று முறைக்கு நான் எழுதித்தரும் வாக்கியம்: ‘வாசல் வழியாக இறங்கி, அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு, அதே வழியில் திரும்பி வருகிறேன்.’ அவ்வளவுதான். யாரையும் தேட வேண்டாம். வழி கைவந்த பிறகு துணைக்கு ஒரு விலங்கைச் சந்திக்கப் போவது அடுத்த கட்டம். ஒரே விலங்கு ஒரே பயணத்தில் நான்கு முறை, வெவ்வேறு பக்கத்திலிருந்து தென்பட்டால் அதுதான் உங்கள் துணை என்பது ஹார்னர் சொன்ன அடையாளம். பல்லைக் காட்டிச் சீறுவது எதுவானாலும் சண்டை போடாமல் சுற்றிக்கொண்டு போங்கள். மேல் உலகப் பயணம், மற்றவர்களுக்காகப் போவது இதெல்லாம் இப்போது பேச வேண்டாம்.

திரும்ப அழைக்கும் அடி கேட்டதும், எவ்வளவு சுவாரஸ்யமான இடத்தில் நின்றாலும் நன்றி சொல்லிவிட்டுத் திரும்புங்கள். போன வழியே, அதே படி, அதே கல், அதே வாசல். பாதியில் பயம் வந்தாலும் இதேதான். ஹெட்போனைப் பிடுங்காமல், ‘நான் திரும்புகிறேன்’ என்று சொல்லி மேலே ஏறுங்கள். பயந்த நேரத்தில் இது முடியுமா என்று தோன்றும். முடியும், இறங்குவதற்கு முன்னால் இரண்டு மூன்று நாள் வெறும் ஏற்றத்தை மட்டும் பழகியிருந்தால். என்னிடம் கற்க வருபவர்களை முதல் வாரம் அப்படித்தான் செய்ய வைக்கிறேன். மூன்று படி இறங்கு, மூன்று படி ஏறு, கண்ணைத் திற. வந்த பிறகு கை கால் விரல்களை அசையுங்கள், தரையை அழுத்தித் தொடுங்கள், தண்ணீர் குடியுங்கள், இட்லியோ பழமோ ஏதாவது சாப்பிடுங்கள். பிறகு நோட்டை எடுத்து, நடந்ததை நடந்த வரிசையில் எழுதுங்கள். இதற்கு அர்த்தம் என்ன என்று அன்றைக்கு யோசிக்கவே வேண்டாம். ஒரு வாரம் கழித்து அந்தப் பக்கத்தை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

முதல் இரண்டு முறை ஒன்றும் தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். பெரும்பாலானவர்களுக்கு அப்படித்தான். சினிமா மாதிரி படம் ஓடும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான் வரும். சிலருக்குக் காதில் கேட்கும், சிலருக்கு மணம் வரும், சிலருக்கு ‘இங்கே தண்ணீர் இருக்கிறது’ என்று சும்மா தெரியும். உள்ளங்கால் குளிர்ந்ததா, மார்பில் பாரம் கூடியதா, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

உண்மையா கற்பனையா என்பதற்கு, மேளச் சத்தம் மூளை அலையைத் ‘தீட்டா’ என்ற மெதுவான நிலைக்குக் கொண்டுபோகிறது என்று வகுப்புகளில் அடித்துச் சொல்வார்கள். ஆண்ட்ரூ நெஹர் என்பவர் 1960-களின் தொடக்கத்தில் செய்த ஆய்விலிருந்து கிளம்பிய பேச்சு இது. தாளத்துக்கு அப்படி ஒரு சக்தி இருந்தால் ஆப்பிரிக்காவில் பாதிப் பேர் வருடம் முழுக்கத் தன்னை மறந்தல்லவா இருக்க வேண்டும் என்று பிரெஞ்சு இசை ஆய்வாளர் ழில்பேர் ரூஷே எதிர்க்கேள்வி கேட்டார். அவர் பக்கம்தான் எனக்கு நியாயமாகப் படுகிறது. தாளம் மட்டும் யாரையும் எங்கும் கொண்டுபோவதில்லை. எண்ணம், பழக்கம், எதிர்பார்ப்பு எல்லாம் சேர்ந்துதான் கொண்டுபோகின்றன. நான் இதை விழித்துக்கொண்டு காணும் கனவு என்று எடுத்துக்கொள்கிறேன். கனவைப் பொய் என்று தூக்கிப் போடவும் மாட்டோம், கனவில் வந்தது சொன்னது என்று வீட்டை விற்கவும் மாட்டோம். பணம், கல்யாணம், மருந்து, இந்த மூன்றிலும் பயணத்தில் யார் என்ன சொன்னாலும் அப்படியே செய்துவிடாதீர்கள், அப்பாவே வந்து சொன்னாலும்.

மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். மூன்று நாள் அழுததையும், இந்தப் பயிற்சி செய்வதையும் உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள். அவர் சரி என்ற பிறகு தொடருங்கள். மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு, வலிப்பு இருப்பவர்கள், இல்லாத குரல் காதில் கேட்பவர்கள் இதில் இறங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. உங்களுக்கு இவற்றில் எதுவும் இருந்தாலோ, பயணம் முடிந்து மறுநாளும் நிஜ உலகம் விலகி நிற்பது போல் இருந்தாலோ, உடனே நிறுத்திவிடுங்கள்.

இனி அப்பா.

ஒடிசாவின் தெற்கு மலைகளில் சோரா என்ற பழங்குடி மக்கள் இருக்கிறார்கள். 1970-களிலிருந்து அவர்களோடு பழகி ஆராய்ந்தவர் பியர்ஸ் விடெப்ஸ்கி என்ற ஆங்கிலேயர். அங்கே ஷாமன்களில் பலர் பெண்கள். அந்தப் பெண் காலை நீட்டி உட்கார்ந்து, தனக்கு முன்னால் இருந்த ஷாமன்களைப் பாட்டில் அழைப்பார். அவர் உயிர் குரங்கு போலத் தொற்றித் தொற்றிப் பாதாளத்துக்கு இறங்கும். காலியான உடம்பில் இறந்தவர்கள் ஒவ்வொருவராக ஏறி வந்து பேசுவார்கள். (போவதும் வருவதும் ஒரே சடங்கில் நடக்கிறது பாருங்கள். மேலே நான் பிரித்துச் சொன்னது எல்லா இடத்துக்கும் பொருந்தாது.) சுற்றி வீட்டார் உட்கார்ந்து பேசுவார்கள், அழுவார்கள், கோபித்துக்கொள்வார்கள், ‘ஏன் சொல்லாமல் போனாய்’ என்று கேட்பார்கள். ஒரே நாளில் முடியாது, வருடக்கணக்கில் நடக்கும். ஆரம்பத்தில் கோபமும் வலியுமாகப் பேசுபவர் போகப் போகச் சாந்தமாவார். இப்போது இளைய தலைமுறை வேறு மதங்களுக்குப் போய்விட்டதால் இந்த வழக்கம் அருகிவிட்டது. இறந்தவரோடு பேச ஒரு முழு வாழ்க்கைமுறையே வைத்திருந்தவர்கள்கூட, மகளைத் தனியாக, நள்ளிரவில் அனுப்பவில்லை. போய் வரத் தெரிந்த ஒருவர் போனார், மகள் மற்றவர்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்.

அதனால் இந்த ஒரு வருடம் அப்பாவைத் தேடிப் போகாதீர்கள். தானாக வந்து நின்றால், ‘அப்பா, பார்த்தேன், இப்போது திரும்புகிறேன்’ என்று சொல்லிவிட்டு வாருங்கள். அவர் ஏன் முதுகைக் காட்டி நின்றார் என்பதற்கு நான் அர்த்தம் சொல்ல மாட்டேன். யார் சொன்னாலும் நம்பாதீர்கள். கோபம் என்று நீங்கள் நினைத்திருந்தால், அதுவும் உங்களுடைய அர்த்தம்தான். போய்ச் சேர முடியாமல் போன ஒரு மகள் எந்த முதுகைப் பார்த்தாலும் அதைக் கோபமாகத்தான் படிப்பாள். இதே மாதிரி கடைசி நேரத்தைத் தவறவிட்டவர்கள் பலர் என் முன்னால் உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள். அவர்கள் எல்லாரிடமும் நான் கேட்கும் ஒரு கேள்வியை உங்களிடமும் கேட்கிறேன்.

கடைசி நேரத்தில் அம்மா மட்டும் பக்கத்தில் இருந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்போது என்ன நடந்தது என்று அம்மாவிடம் கேட்டீர்களா? அப்பா ஏதாவது சொன்னாரா, தண்ணீர் கேட்டாரா, உங்கள் பெயரைச் சொன்னாரா, எந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்? அம்மாவும் ஐந்து மாதமாக இதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கலாம். போனில் வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், காபி போட்டுக் கொடுத்துவிட்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அது முடிந்த பிறகு, மூன்று படி இறங்கி மூன்று படி ஏறிப் பழகிவிட்டு, எனக்கு எழுதுங்கள்.